யாருடைய ஆமாம்

1961 செப்டம்பர் 19, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்றரை மணிக்கு, மேற்கு ஃப்ளாண்டர்ஸில் லைய ஆற்றங்கரையில் இருக்கும் மார்செகெம் கிராமத்தில், லாங்க்ரீட் குடும்பத்தின் ஆலை, லினன் துணிக்கான ஆளிநார் பிரிக்கும் ஆலை, தீப்பிடித்து எரிந்தது. பரணில் வேலை செய்துகொண்டிருந்த சீரில் டெமூர் என்ற தொழிலாளி இறந்தார். அவருக்கு வயது முப்பத்தொன்பது.

ஐம்பத்தேழு ஆண்டுகள் கழித்து, ஜூன் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை காலை, அந்தக் குடும்பத்தின் இளைய மகனும் நாடறிந்த திரைப்பட இயக்குநருமான வில்ஃப்ரிட் லாங்க்ரீட்டை ப்ரஸ்ஸல்ஸ் வீட்டில் தொலைபேசி அழைத்தது. பேசியவள் கிரீத் புஸ்ஸெரி. திரைப்படக் காப்பகத்தில் பழைய படங்களைப் புதுப்பிக்கும்போது சப்டைட்டில்களைச் சரிபார்ப்பவள். வில்ஃப்ரிடின் முதல் படத்தை மூன்று மாதமாகச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள்.

"சார், எல்லாம் முடிஞ்சுது. ஒரே ஒரு வரிதான் பாக்கி. இருநூத்திப் பன்னெண்டு."

எந்த வரி அது என்று அவர் கேட்கவில்லை.

"அதுக்கு என்ன?"

"படத்துல உங்க அண்ணன் 'யோம்'னு சொல்றார். கீழ 'ஆமாம், நான்தான்'னு ஓடுது."

"பழைய ஒலிப்பதிவு, கிரீத். அன்னிக்குக் காத்து வேற. 'யோக்'னுதான் சொல்லியிருப்பார்."

"காத்தையெல்லாம் எடுத்தாச்சு சார். இப்போ பின்னாடி கோழி நடக்கறதுகூடக் கேக்குது. நானும் உங்க பக்கத்து ரூசெலாரேக்காரிதான், இருந்தாலும் என் காது மேலயே சந்தேகம் வந்து எங்கம்மாவைக் கூட்டிட்டு வந்து போட்டுக் காட்டினேன். அவங்க கண்ணாடியை பஸ்ஸுல விட்டுட்டாங்க. எழுத்து ஒண்ணும் தெரியல, காது மட்டும்தான். 'பாவம், நாங்கன்னு சொல்றானே, இன்னொருத்தன் யாருடி?'ன்னு கேட்டாங்க."

வில்ஃப்ரிட் தொலைபேசியை மறுகாதுக்கு மாற்றிக்கொண்டார்.

"படிவத்துல ரெண்டு கட்டம் இருக்கு சார். 'பிழை'ன்னு குறிச்சா நான் திருத்திடுவேன், யாருக்கும் தெரியாது. 'இயக்குநரின் முடிவு'ன்னு குறிச்சா கை வைக்காம அப்படியே விட்டுடுவேன். உங்க கையெழுத்து போதும். திங்கக்கிழமைக்குள்ள அனுப்பிடுங்க."

டச்சு மொழியின் வட்டார வழக்கான மேற்கு ஃப்ளாண்டர்ஸ் பேச்சில் 'ஆமாம்' என்ற சொல் தனியாக நிற்பதில்லை. யாருடைய ஆமாம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடும் வால் ஒன்று அதற்கு உண்டு. நான் என்றால் 'யோக்'. அவள் என்றால் 'யோஸ்'. நாங்கள் என்றால் 'யோம்'. அங்கே பிறந்த குழந்தை நடக்கும் முன்பே இதைக் கற்றுக்கொள்கிறது. நூறு கிலோமீட்டர் தள்ளி ஆண்ட்வெர்ப்பில் பிறந்தவனுக்கோ ஆயுசுக்கும் பிடிபடாது. ஒரே நாடு, ஒரே மொழி என்று சொல்லிக்கொள்கிறார்கள். ஆனால் மேற்கு ஃப்ளாண்டர்ஸ்காரன் தொலைக்காட்சியில் வாயைத் திறந்தால் கீழே ஏட்டு டச்சில் எழுத்து ஓடும். அந்த ஊர்க்காரர்களுக்கு அது தீராத மனக்குறை.

1974இல் வில்ஃப்ரிடுக்கு முப்பது வயது. ப்ரஸ்ஸல்ஸ் திரைப்படப் பள்ளியில் படித்து, தொலைக்காட்சியில் நான்காண்டு உதவி வேலை செய்து, முதன்முறையாகச் சொந்தப் படம் எடுக்கக் கேமராவோடு மார்செகெமுக்குத் திரும்பினார். எரிந்துபோன ஆலையைப் பற்றிய ஆவணப்படம். பெயர், 'செவ்வாய்க்கிழமை, மூன்றரை'. கடைசிக் காட்சியில் தன் அண்ணன் ஓடீலை ஆலையின் இடிந்த சுவர் முன்னால் உட்காரவைத்து, கேமராவுக்குப் பின்னால் நின்றபடி கேட்டார்:

"அன்னிக்கு அங்க புகை பிடிச்சீங்களா?"

அந்த ஊர்ப் பேச்சில் அந்தக் கேள்வியை ஒருவரிடமும் கேட்கலாம், இருவரிடமும் கேட்கலாம். அண்ணன் "இல்லை" என்று சொல்லிவிடுவார் என்று நம்பித்தான் வில்ஃப்ரிட் கேட்டார். அந்த "இல்லை" படச்சுருளில் ஏறிவிட்டால் விஷயம் அத்தோடு முடிந்தது. ஓடீல் பதினொரு விநாடி பேசவில்லை. கேமராவைப் பார்க்காமல், அதற்குச் சற்று மேலே தம்பியின் முகத்தைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "யோம்."

ப்ரஸ்ஸல்ஸில் சப்டைட்டில் பட்டியலை வில்ஃப்ரிடே தட்டச்சு செய்தார். முதலில் 'ஆமாம், நாங்கள்' என்றுதான் அடித்தார். தயாரிப்பாளர் ஆண்ட்வெர்ப்காரர். தாளை வாங்கிப் பார்த்துவிட்டு அந்த இடத்தில் விரலை வைத்தார்.

"'நாங்க'ன்னா யாரு?"

"அது எங்க ஊர்ப் பேச்சு," என்றார் வில்ஃப்ரிட். "ஒரு ஆள் பேசினாலும் நாங்கன்னுதான் சொல்லுவாங்க."

"விசித்திரமான ஜனங்கப்பா நீங்க. அப்போ 'நான்'னே போட்டுடு. பாக்கறவன் குழம்புவான்."

வெள்ளை மை வைத்து அழித்துவிட்டு 'ஆமாம், நான்தான்' என்று அடித்தார். ஒரு நிமிட வேலை. தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தாய்மொழியின் மேல் பொய் சொன்னோம் என்பது ரயிலில் வீடு திரும்பும்போதுதான் உறைத்தது. தாள் அதற்குள் ஆய்வகத்துக்குப் போயிருந்தது. மறுநாள் காலை தொலைபேசியில் கூப்பிட்டிருந்தால் நிறுத்தியிருக்கலாம். கூப்பிடவில்லை.

படத்தை முதலில் மார்செகெமிலேயே காட்டினார்கள், மாதா கோயிலை ஒட்டிய கூடத்தில். தங்கள் பேச்சுக்குக் கீழே எழுத்து ஓடுவதைப் பார்த்து ஊரே சிரித்தது. "டேய், நம்ம ஓடீலுக்கு ஹாலந்து பாஷையெல்லாம் வருதுடா!" என்று யாரோ கத்தினார்கள். கடைசிக் காட்சி வந்தது. காது ஒன்றைக் கேட்டது, கண் வேறொன்றைப் படித்தது. விளக்கு போட்டதும் எல்லாரும் நாற்காலிகளை ஒழுங்காக மடித்து வைத்துவிட்டுக் கலைந்தார்கள். வாசலில் ஓடீல் மட்டும் நின்று கோட்டு மாட்டிக்கொண்டிருந்தார்.

"எழுத்துல என் பேச்சு நல்லாருக்குடா," என்றார். "நான் பேசினதைவிட."

மார்செகெமுக்கு வெளியே எல்லாரும் எழுத்தைத்தான் படித்தார்கள். பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் மொழிபெயர்த்தவர்களும் அந்த எழுத்தைப் பார்த்துத்தான் மொழிபெயர்த்தார்கள். சொந்த அண்ணனின் வாயிலிருந்து உண்மையை வரவழைத்த நேர்மையான கலைஞன் என்று பத்திரிகைகள் எழுதின. இரண்டு விழாக்களில் பரிசு கிடைத்தது. அதன் பிறகு பதினொரு படங்கள். ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவர் நீண்ட நேரம் பேசாமல் இருந்து, பிறகு ஏதோ ஒன்றை ஒப்புக்கொண்டார். மௌனத்தின் இயக்குநர் என்றார்கள். எந்தப் படத்துக்கும் சப்டைட்டில் எழுத இன்னொருவரை அவர் விட்டதில்லை. அவ்வளவு கறாரான மனிதர் என்று அதையும் புகழ்ந்தார்கள். திரைப்படப் பள்ளியில் இருபத்தெட்டு ஆண்டு பாடம் எடுத்தார். ஆண்டுதோறும் முதல் வகுப்பில் அந்தப் பதினொரு விநாடியைப் போட்டுக் காட்டி, "பதில் வரும்வரை காத்திருங்கள்" என்று சொல்லிக்கொடுத்தார். காட்சி ஓடும்போது கடைசி வரிசைக்குப் போய் நின்றுகொள்வார். அங்கிருந்தும் எழுத்து தெரியும்.

இன்னொன்றும் நடந்தது. இறந்த சீரில் டெமூரின் மனைவி, தீ விபத்துக்குப் பிறகு மகள் கோடெலீவைக் கூட்டிக்கொண்டு தாய்வீடு இருந்த, நாட்டின் கிழக்குக் கோடியான லிம்பர்க் பக்கம், கெங்க் நகரத்துக்குப் போய்விட்டார். கோடெலீவுக்கு அப்போது பதினொரு வயது. மார்செகெம் பேச்சு அவள் நாக்கிலிருந்தும் காதிலிருந்தும் போய்விட்டது. 1975இல் படத்தைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். எழுத்தைப் படித்த கோடெலீவ் அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி வந்து, பூசை முடிந்து வெளியே வந்த ஓடீலைக் கோயில் வாசலில் ஊர் பார்க்க அறைந்தாள். ஓடீல் கீழே விழுந்த தொப்பியை எடுத்துத் தட்டி மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். அம்மா எழுதிய கடிதத்தில் வில்ஃப்ரிடுக்கு இது தெரியவந்தது. அவர் அப்போது இரண்டாவது படத்துக்கு நடிகர்களைத் தேடிக்கொண்டிருந்தார். பதில் எழுதினார், அதில் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை வில்ஃப்ரிட் காரை எடுத்துக்கொண்டு மார்செகெமுக்குப் புறப்பட்டார். படிவம் பக்கத்து இருக்கையில் கிடந்தது. 'பிழை' என்ற கட்டம் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அதைக் குறித்துவிட்டால் நேர்மையானவராகவும் இருக்கலாம், ஒன்றும் நடக்காமலும் இருக்கலாம். ஆனால் அண்ணன் சம்மதித்தால்தான் குறிப்பது என்று வைத்துக்கொண்டார். அண்ணன் ஒரு வார்த்தை, "சரிடா" என்று சொல்லிவிட்டால் போதும். அதற்காகத்தான் போகிறோம் என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது.

சாலை நெடுக அந்தப் பிற்பகல்தான் நினைவில் ஓடியது. அவருக்கு அப்போது பதினேழு வயது. பரணுக்குக் கீழே, நார்க்கட்டுகளுக்கு நடுவில் அண்ணனும் தம்பியும் உட்கார்ந்திருந்தார்கள். ஓடீல் ஒரு ஆளித் தண்டை மென்றுகொண்டிருந்தார். அவர் ஆயுசில் சிகரெட்டைத் தொட்டதில்லை. சிகரெட் வில்ஃப்ரிடுடையது. ஆளித் தூசி எரிவதில்லை, வெடிக்கிறது. சீரில் மேலே இருந்தார் என்பது இருவருக்கும் தெரியும். கத்திக்கொண்டேதான் வெளியே ஓடினார்கள், ஆனால் ஓடினார்கள். இயந்திரம் சூடேறிப் பிடித்திருக்கலாம் என்று காவல்துறை எழுதிக்கொண்டு போனது. அப்பா இரண்டு மகன்களையும் பார்த்து, "யாரும் எதுவும் பாக்கல," என்றார்.

ஓடீல் பழைய வீட்டிலேயே தனியாக இருந்தார். எழுபத்தொன்பது வயது. கொல்லையில் தார் பூசிய பலகைக் கூண்டின் முன்னால், கையில் பட்டாணி டப்பாவோடு, வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பந்தயப் புறா வளர்ப்பவருக்கு ஞாயிறு காலை என்பது பூசையைவிடப் பெரியது.

"வா. உக்காரு. வாயை மூடிட்டு உக்காரு," என்றார் திரும்பாமலே. "பிரெஞ்சுப் பக்கம் க்ளெர்மோன்ல எட்டு மணிக்குப் புறாவை விட்டுட்டாங்க. புது ஆள் அசைஞ்சா அது கூரையிலேயே நின்னுக்கும், உள்ள வராது."

"அண்ணே, நான் வந்தது..."

"நீதான் மௌனத்துக்குப் பேர்போன ஆளாச்சே. இரு."

நாற்பது நிமிடம் இருந்தார். பத்தே முக்காலுக்கு நீலச்சாம்பல் புறா ஒன்று ஆற்றுப் பக்கமிருந்து தாழ்ந்து வந்தது. ஓடீல் டப்பாவைக் குலுக்கினார். "வா கண்ணு, வாடி, வா வா வா." அந்தக் குரலை வில்ஃப்ரிட் சின்ன வயதில் கேட்டது. புறா உள்ளே போயிற்று. ஓடீல் நேரத்தைக் குறித்துக்கொண்டு, பழுப்பு பீர் ஒன்றை உடைத்து இரண்டு கோப்பையில் ஊற்றினார்.

"இப்போ சொல்லு. யார் செத்தா?"

"யாரும் இல்லண்ணே. படத்தைப் புதுப்பிக்கிறாங்க. அந்த வரியைப் பத்திக் கேக்கறாங்க."

"'ஆமாம், நான்தான்.'" ஓடீல் அதை ஏட்டு டச்சில், வானொலிச் செய்தி வாசிப்பவரைப் போலச் சொன்னார். "எனக்குத் தெரியாத பாஷையில நான் பேசின ஒரே வசனம். மறக்குமா?"

"நீங்க 'யோம்'னு சொன்னீங்க."

"சொன்னேன். இந்த ஊர்ல செவிட்டு மார்த்தாவுக்கே கேட்டுது."

"எனக்கும் கேட்டுது."

ஓடீல் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோகாமல் நிறுத்தினார். "இதைச் சொல்லவா நாப்பத்திநாலு வருஷம்?"

"ஏன்னே அப்படிச் சொன்னீங்க? நீங்கதான் புகை பிடிச்சதே இல்லையே."

"நீ கேக்கறே. கேமரா ஓடிட்டிருக்கு. இல்லன்னு சொன்னா பொய். 'அவன்'னு சொன்னா, நீ என் தம்பி. சரி, பாதியை நான் தூக்கறேன், மீதியை இவன் தூக்குவான்னு நினைச்சேன். நீ முழுசையும் என் தலையில வச்சிட்டு ப்ரஸ்ஸல்ஸுக்கு ரயிலேறிட்டே."

"மன்னிச்சிடுங்கண்ணே. வரியை மாத்திடறேன்."

"மாத்து, மாத்தாமப் போ. எழுத்து உன்னோடது. மன்னிப்புக்கு என்கிட்ட ஏன் வந்தே?" அவர் கன்னத்தைத் தடவிக்கொண்டார். "அறை வாங்கினவன் மறந்துட்டான். அடிச்சவ மறக்கல. வருஷா வருஷம் கல்லறைக்கு வர்றா, கோடெலீவ். என்னைப் பாத்தா தெருவைத் தாண்டி அந்தப் பக்கமா போறா. தப்பான ஆளை அடிச்சது அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியுது, சொல்ல முடியல. சொன்னா உன்னைக் காட்டிக்குடுத்த மாதிரி. அதான் ரொம்ப அலுப்பாயிருக்கு."

வில்ஃப்ரிட் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"கெங்க்லதான் இருக்கா. சுரங்கக் குடியிருப்புல, வாசல்ல பச்சைக் கதவு. எனக்கு விலாசம் தெரியும், நான்தான் போனதில்ல." ஓடீல் மறுபடி வானத்தைப் பார்த்தார். "போறப்போ கேட்டை மெதுவாச் சாத்து. இன்னும் ரெண்டு வரணும்."

கெங்க் போய்ச் சேர மூன்று மணி ஆயிற்று. பச்சைக் கதவைத் திறந்தவளுக்கு அறுபத்தெட்டு வயது. மருத்துவமனையில் செவிலியாக இருந்து ஓய்வு பெற்றவள். அவரைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்து, முகம் மலர்ந்தது.

"நீங்களா! உள்ள வாங்க, வாங்க. எங்கம்மா சாகற வரைக்கும் உங்களைச் சொல்லிட்டிருந்தாங்க. எங்கப்பாவுக்காக இந்த நாட்டுல ஏதாவது செஞ்ச ஒரே ஆள் நீங்கதான்னு."

காபி வைத்தாள், ஆப்பிள் பை ஒரு துண்டு வெட்டி வைத்தாள். வில்ஃப்ரிட் பாதிக் கோப்பை குடித்துவிட்டுக் கீழே வைத்தார்.

"படத்துல ஒரு வரி தப்பும்மா," என்றார். "ஓடீல் கடைசியில சொல்றது. அவர் 'நான்'னு சொல்லல. 'நாங்க'ன்னு சொன்னார். எழுதினது நான்."

அவள் புரியாமல் பார்த்தாள். "நாங்கன்னா? கூட வேற யாரு?"

"நான் இருந்தேன்."

"சரி..."

"ஓடீலுக்குப் புகை பிடிக்கற பழக்கமே கிடையாது. என்னிக்குமே."

கோடெலீவ் மேசைமேல் இருந்த கையை மெல்ல எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்போ அந்த சிகரெட்?" என்று கேட்டாள். "பிடிச்சது நீங்களா?"

"யோக்," என்றார். நாற்பது ஆண்டுகளாக ஊருக்கு வெளியே அவர் வாயில் வராத ஊர்ப் பேச்சு தானாக வந்து விழுந்தது.

"என்ன சொன்னீங்க? எனக்கு அந்தப் பேச்சு புரியாது."

தன் பேச்சுக்குத் தானே கீழே எழுத வேண்டியிருந்தது. ஏட்டு டச்சில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்:

"ஆமாம். நான்தான்."

கோடெலீவ் எழுந்து அவருடைய கோப்பையை எடுத்தாள். மீதிக் காபியைத் தொட்டியில் கொட்டி, கோப்பையைக் கழுவி, துடைத்து, அலமாரியில் வைத்தாள். திரும்பவில்லை.

"அந்த மனுஷனை நான் அறைஞ்சேன்," என்றாள். "கோயில் வாசல்ல. எல்லாரும் பாத்துட்டிருந்தாங்க."

"தெரியும்."

"தெரியுமா? எப்போ தெரியும்?"

"அந்த வாரமே."

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. பதில் வரும்வரை காத்திருக்கச் சொல்லிக்கொடுத்தவர் கால் மணி நேரம் காத்திருந்தார். அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, கதவைச் சாத்தினார்.

காரில் உட்கார்ந்தே படிவத்தை நிரப்பினார். 'பிழை' கட்டத்தைத் தாண்டி 'இயக்குநரின் முடிவு' என்ற கட்டத்தில் குறித்து, பக்கத்தில் எழுதினார்: 'இது பிழை அல்ல. தெரிந்தே மாற்றினேன். ஓடீல் சொன்னபடி போடவும். சிகரெட் என்னுடையது என்பதையும் படத்தின் குறிப்பில் சேர்க்கவும்.'

செவ்வாய்க்கிழமை கிரீத் கூப்பிட்டாள்.

"சார், முடிவுன்னு குறிச்சா நான் வரியை மாத்தக் கூடாது. மாத்தறதா இருந்தா பிழைன்னு குறிக்கணும். நீங்க ரெண்டுக்கும் நடுவுல ஏதோ எழுதியிருக்கீங்க. இப்படி ஒரு கட்டமே படிவத்துல இல்லையே."

"இல்லன்னா ஒண்ணு போட்டுக்கம்மா."

அவள் தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. "எங்கம்மா கேட்டது சரிதான்," என்றாள் பிறகு. "சரி சார். போட்டுக்கறேன்."

2018 அக்டோபர் 11 அன்று ப்ரஸ்ஸல்ஸில் படம் திரையிடப்பட்டது. 212ஆம் வரி 'ஆமாம், நாங்கள்' என்று இருந்தது. வில்ஃப்ரிடின் வாக்குமூலம் அச்சிட்ட குறிப்பின் நான்காம் பக்கத்தில் இருந்தது. மறுநாள் இரண்டு பத்திரிகைகள் அதை எழுதின. திரைப்படப் பள்ளி அந்தக் காட்சியைப் பாடத்திலிருந்து எடுத்துவிட்டது. ஓடீலுக்கு அனுப்பிய அழைப்பு பிரிக்கப்படாமல் திரும்பி வந்தது. கோடெலீவ் டெமூர் வந்திருந்தாள், மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள், அந்த வரி வந்ததும் எழுந்து போய்விட்டாள்.